ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

அண்ணனின் இடது கை சட்டைக்குள் போகவில்லை.

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்க," என்றாள் தங்கை.

நர்ஸம்மா தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்களாகியும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. சட்டை ஏறியது.

"வேற சட்டை இல்லையா? கொஞ்சம் புதுசா?"

"ஞாயித்துக்கிழமைன்னா இதுதான் போடுவாரு."

சனிக்கிழமை சாயங்காலமே அண்ணன் அதைத் தேய்த்து நாற்காலியில் மாட்டிவிடுவார். நேற்றும் மாட்டியிருந்தார். விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அவள் தம்ளரோடு திரும்பி வந்தபோது, கேட்டதையே மறந்துவிட்டவர் போலப் படுத்திருந்தார்.

சட்டையின் உள்பக்கத்தில் ஒரு பை இருந்தது. அவள் தைத்தது. அண்ணன் ஒருமுறை நூலகச் சாவியைத் தொலைத்துவிட்டு, அது கிடைக்கும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு தைத்துக் கொடுத்தாள், பொத்தான் வைத்து. இப்போது விரல் பட்டபோது துணிக்குள் சாவி கனத்தது. அவள் அதை எடுக்கவில்லை. மேல் பொத்தானைப் போட்டாள்.

அண்ணன் பஸ் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் கணவன் இறந்த பிறகு இங்கேயே வந்துவிட்டார். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின். வாரம் முழுக்க அவள் மெஷினில் குனிந்திருப்பாள், அவர் வீட்டைச் சுற்றி வருவார். ஞாயிறு மட்டும்தான் அவளுக்கு ஓய்வு. அன்று அவர் வீட்டில் இருக்கமாட்டார், நூலகத்தில்தான்.

"நாளைக்கு வர்றியா?" என்பார், சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

"எனக்கும் படிப்புக்கும் ஆகாது. நீயே போய் உன் லைப்ரரியைக் கட்டிட்டு அழு."

"சும்மா வந்து உக்காரு. படிக்கச் சொல்லி யாரும் அடிக்கமாட்டாங்க."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

போன வருடம் நூலக நாற்காலிக்கென்று இரண்டு மெத்தை கேட்டார்.

"ஒரு ஆளு, ரெண்டு மெத்தை. பஸ் சீட்டுன்னு நெனப்பா?"

"தைச்சுக் குடேன். வாய மூடிட்டு ஒரு வேலை செய்ய மாட்டியா?"

ஸ்பாஞ்சு வைத்து, மேலே ரெக்சின் போட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்குள் அண்ணனின் வாசகர் வட்டத்து ஆட்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். டீச்சர் பின்னல்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள். தையல் மெஷினின் மேல் யாரோ ஒரு தம்ளரை வைத்தார்கள். இன்னொருவர் அதை எடுத்துக் கீழே வைத்தார்.

பத்து மணிக்குப் பேக்கரிக்காரர் வந்தார். கையில் ஒரு தட்டு நிறைய பன். ஞாயிறுதோறும் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அவர் கொடுப்பது.

"சேதி கேட்டேன். பன்னை அங்க எறக்கிட்டு வரலாம்னு போனா, லைப்ரரி பூட்டியிருக்கு. வாசல்ல பிள்ளைங்க நிக்குது."

மருந்துக்கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார்.

"நீங்க தெறந்து வெச்சுட்டு வந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நானா? எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கறது நீங்கதானே சார்."

"நர்ஸம்மா?"

"நான் விடிஞ்சதுலேர்ந்து இங்கதான் இருக்கேன்."

"சாவி யார்கிட்ட?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

வார நாட்களில் நகராட்சி ஆள் வந்து திறப்பார். ஞாயிறு மட்டும் வட்டத்தின் பொறுப்பு. நடையாய் நடந்து வாங்கிய அனுமதி. ஒரு ஞாயிறு பூட்டிக் கிடந்தாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார். அண்ணன் காய்ச்சலோடும் போனார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதும் போனார்.

"சாவுன்னு சொன்னா ஒத்துக்கமாட்டாங்களா?" என்றாள் டீச்சர்.

"அந்த ஆபீசரா? எப்படா சாக்கு கிடைக்கும்னு காத்துட்டு இருக்காரு."

"பூட்டை உடைச்சிடலாம்."

"உடைச்சிட்டு? வட்டத்து ஆளுங்கள்லாம் வரிசையா போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கவா?"

மருந்துக்கடைக்காரர் அலமாரியின் மேல் தடவிப் பார்த்தார். டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்து, வெட்கப்பட்டு உடனே மூடினாள்.

"அம்மா, சாவி எங்க வைப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தங்கை அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"அவங்கள ஏன் இப்ப தொந்தரவு பண்றீங்க," என்றார் நர்ஸம்மா.

தங்கை அண்ணனின் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு ஞாயிறாவது வீட்டில் இருக்கிறார்.

பேக்கரிக்காரர் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "பேப்பர் படிக்க வருவாரே, அந்த ரிட்டயர்டான தபால்காரர் வேற, தடிய வெச்சு கதவைத் தட்டிட்டே இருக்காரு. சொன்னாலும் காதுல விழல. டிரைவர் உள்ள தூங்கிட்டாருங்கறாரு."

தங்கை எழுந்தாள். கட்டிலருகே குனிந்து சட்டையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். பனியன் சில்லென்று இருந்தது. பையைத் திறந்து சாவியை எடுத்தாள். காலிப் பைக்கும் பொத்தான் போட்டாள். பிறகு சட்டைக்கு.

"குடுங்கம்மா, நான் ஓடிப் போய்த் தெறந்துட்டு வர்றேன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான் போறேன்."

"நீங்களா? நீங்க வீட்டு ஆளு. நீங்க எப்படி..."

"எப்ப எடுக்கறாங்க?"

"நாலு மணிக்கு."

"லைப்ரரி ஒரு மணிக்கு மூடிடும்ல?"

"ஆமா."

"அதுவரைக்கும் நீங்கள்லாம் கூட இருங்க. தனியா இருக்க அவருக்குப் பிடிக்காது."

நர்ஸம்மா கட்டிலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலில் அண்ணனின் செருப்புக்குப் பக்கத்தில் அவளுடையது கிடந்தது. போட்டுக்கொண்டு இறங்கினாள். பேக்கரிக்காரர் தட்டோடு பின்னால் நடந்தார்.

நூலகப் படியில் பிள்ளைகள் எழுந்து வழிவிட்டார்கள். தபால்காரர் தடியைத் தாழ்த்தினார்.

"டிரைவர் எங்க?"

பேக்கரிக்காரர் வாயெடுத்தார். அவள் தலையசைத்து அவரை நிறுத்தினாள்.

"இன்னிக்கு வரல," என்றாள், தபால்காரர் காதருகே குனிந்து.

"அவரா? வராம இருக்க மாட்டாரே."

பூட்டு இறுகியிருந்தது. சாவியைச் சற்று வெளியே இழுத்துத் திருப்பியதும் திறந்துகொண்டது. பிள்ளைகள் அவளைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். யாரும் சொல்லாமலேயே ஒருத்தி ஜன்னலைத் திறந்தாள். ஒருவன் செய்தித்தாளைக் கொண்டுவந்து தபால்காரர் முன்னால் விரித்தான்.

வாசலைப் பார்த்து ஒரு மேஜை. அதன் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றின் மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து, ஓரத்தில் ரெக்சின் வெடித்திருந்தது. அடுத்ததன் மெத்தை, மெஷினிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே உப்பலாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். தூசி இல்லை.

அந்த நாற்காலியை இழுத்தாள்.

"ஏம்மா, அதுல உக்காராதே," என்றார் தபால்காரர். "அது அவரு தங்கச்சிக்கு. ஒருநாள் தெரியாம உக்காந்துட்டேன். இந்த முட்டி வலியோட எழுப்பி விட்டுட்டாரு மனுஷன்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

"தங்கச்சி வருவாங்களா?" என்று உரக்கக் கேட்டாள்.

"எங்க! அடுத்த வாரம் வருவா, அடுத்த வாரம் வருவான்னு வாராவாரம் சொல்லுவாரு."

பேக்கரிக்காரர் தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"சொல்லிட்டேன். அப்புறம் திட்டு வாங்கினா நான் பொறுப்பில்ல," என்றார் தபால்காரர்.

"சரிங்க," என்றாள்.

சாவியை மேஜையில் வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். அவள் போட்ட தையல் வழியே மெத்தையின் காற்று மெல்ல வெளியேறியது.