நிறுவனர் நாற்காலியில் போட்ட துண்டு

இர்மா கோலார் வானொலியில் பேசிய முதல் வாக்கியத்தை வானொலியில் மறுபடி சொல்ல முடியாது. சொன்னால் நிலையத்தின் உரிமத்துக்கே ஆபத்து. பெல்டன் கல்லூரி வானொலியின் ஐம்பதாண்டு நிறைவுக்கு எழுதப்பட்ட வரலாற்றில் அவள் பெயர் இல்லாமல் போனதற்கு டெஸ்ஸா விட்காம் சொன்ன முதல் காரணம் அதுதான்.

"ரெண்டாவது காரணம்?" என்று கேட்டாள் இர்மா.

"ஆன்டெனா," என்றாள் டெஸ்ஸா, தரையைப் பார்த்துக்கொண்டு.

டெஸ்ஸாவுக்கு இருபது வயது. மூன்றாம் ஆண்டு மாணவி. இந்த வருடம் நிலையத்தின் மேலாளர் பதவி அவள் தலையில் வந்து விழுந்திருந்தது, தேர்தல் கூட்டத்துக்கு அவள் ஒருத்திதான் வந்திருந்தாள் என்பதால். இர்மாவுக்கு அறுபத்தெட்டு. கல்லூரிச் சமையலறையில் நாற்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வந்து அக்கார்டியன் வாசிக்கிற போல்கா பாட்டுப் போடுவாள். ஓஹையோ மாநிலத்தில் ஹார்லன் ஃபால்ஸ் என்ற அந்தச் சின்ன ஊரில் அவள் நிகழ்ச்சிக்கு இருக்கிற கூட்டம் வேறு எதற்கும் கிடையாது. மாணவர்கள் போடுகிற பாட்டை அவர்களுடைய அறைத்தோழர்கள் கேட்பார்கள், அதுவும் வேறு வழியில்லாமல்.

"ஆன்டெனா தர்ற அந்தப் புண்ணியவான் யாரு?" என்றாள் இர்மா.

"லோவெல் பிங்ஹம். எழுபத்தாறுல இங்க படிச்சு முடிச்சவரு. இன்ஷூரன்ஸ்ல கோடி கோடியா சம்பாதிச்சிருக்காரு. புது ஆன்டெனா வாங்கித் தரேங்கிறாரு. ஆனா வரலாற்றுல நிலையத்த ஆரம்பிச்சவரு, முதன்முதல்ல பேசினவரு, ரெண்டும் அவருதான்னு வரணுமாம்."

"வந்துட்டுப் போகட்டும். எனக்கென்ன."

"அத நீங்கதான் படிக்கணும், இர்மா. உங்க நிகழ்ச்சியில. உங்களுக்குத்தான் ஆள் இருக்கு."

இர்மா கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். சமையலறையில் நாற்பத்தோரு வருடம் இருந்தவள் வாயில் வரக்கூடிய வார்த்தைகள் எல்லாம் வந்தன. மைக் மூடியிருந்ததால் அமெரிக்க அரசாங்கம் தப்பித்தது.

நடந்தது என்னவென்றால் இதுதான். 1975 பிப்ரவரியில் மூன்று மாணவர்கள் சமையலறைக்குப் பின்னால் இருந்த சலவை அறையில் ஒரு வானொலி நிலையம் கட்டினார்கள். மின்கம்பி வேலை பார்த்த பையன் மகா அறிவாளி. மைக் திறந்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் அல்லவா, இவன் மாற்றிப் பூட்டிவிட்டான். மைக் மூடியிருந்தால் விளக்கு எரியும், திறந்தால் அணைந்துவிடும். நாளைக்குச் சரி செய்கிறேன் என்றான். அந்த நாளை இன்னும் வரவில்லை. நிலையத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் பாடமே அதுதான்: விளக்கு அணைந்தால் வாயைப் பார்த்துக்கொள்.

முதல் ஒலிபரப்பு அன்று, முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் சண்டை. ஒருவனுக்கு சுதந்திரம் வேண்டும், ஒருவனுக்குப் புரட்சி வேண்டும், மூன்றாமவனுக்குத் தன் காதலியின் பெயர் வேண்டும். வெளியே தாழ்வாரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பதினெட்டு வயது இர்மா, தட்டுக் கழுவுகிற பெண், பாத்திரம் துடைக்கிற துண்டுகளை எடுக்கச் சலவை அறைக்குள் வந்தாள். துண்டுகள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அந்தத் தடியன்கள் எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். விளக்கு எரியவில்லை. இர்மா மைக்குக்குப் பக்கத்தில் நின்று, என் துண்டையெல்லாம் சுவரில் அடித்த இன்னாருக்குப் பிறந்தவன் எவன் என்று உரக்கக் கேட்டாள். அந்த "இன்னார்" அச்சில் ஏறாது.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி மணி அடித்தது. கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒருவர். "நான் எடுக்கலம்மா," என்றார். மறுநாள் காலை சலவை அறை வாசலில் புத்தம்புதுத் துண்டு ஒரு டஜன், நூல் கட்டி வைத்திருந்தது. நேயர்கள் கொடுத்து நடக்கிற நிலையம் என்று இன்றைக்குப் பெருமை பேசுகிறார்களே, நேயர் கொடுத்த முதல் பொருள் அதுதான். மற்ற கல்லூரி நிலையங்கள் நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கோப்பை கொடுக்கும், பை கொடுக்கும். பெல்டன் நிலையம் பாத்திரம் துடைக்கிற துண்டு கொடுக்கும். ஊரில் எந்தச் சமையலறைக்குள் போனாலும் அடுப்புக் கைப்பிடியில் 90.1 என்று நிலையத்தின் அலைவரிசை எண் அச்சடித்த துண்டு தொங்கும். ஏன் துண்டு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிங்ஹம் எழுதி அனுப்பிய வரலாற்றில், வான்வெளியின் அழுக்கைத் துடைப்பதன் அடையாளம் என்று போட்டிருந்தது. படித்துவிட்டு இர்மா அரை மணி நேரம் சிரித்தாள். பிறகு அழுகை வந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

பெயர் வரவில்லை என்பதற்காக அல்ல. பெயரை வைத்து அவள் என்ன செய்யப் போகிறாள்? ஃபிரானிதான் காரணம்.

ஃபிரானி அவளுடைய அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆல்டன்பர்க்கில் இருக்கிறாள், வயது எழுபத்திரண்டு. அந்த பிப்ரவரி நாளில் இர்மா வீட்டுக்கு ஓடிப்போய், ரேடியோவில் முதலில் பேசியது நான்தான் என்று சொன்னபோது ஃபிரானி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "தட்டு கழுவுற உன்னையா பேச விட்டாங்க? புளுகுறதுக்கும் ஒரு அளவு இருக்குடி," என்றாள். ஐம்பது வருடமாக அதே பேச்சு. கிறிஸ்துமஸ் விருந்தில், அம்மாவின் இறுதிச் சடங்கில், இர்மாவின் கல்யாணத்தில்கூட. கல்லூரி வெளியிடுகிற எல்லாப் புத்தகத்தையும் ஃபிரானி வாங்கி வைத்திருந்தாள். "எங்க போட்டிருக்கு, காட்டு," என்பாள். அச்சில் வந்தால் நம்புவாள், ரேடியோவில் சொன்னால் நம்புவாள், தங்கை சொன்னால் மட்டும் நம்ப மாட்டாள். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அக்கா தன்னை நம்ப வேண்டும். இர்மாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதிலும் ஒரு கூத்து. இருக்கிற ஆன்டெனா துருப்பிடித்துத் தொங்குகிறது, ஆற்றைத் தாண்டினால் கரகரப்புதான். கம்ப்யூட்டரில் கேளேன் என்றால், அது ரேடியோ இல்லை என்பாள் ஃபிரானி. ஆக, புது ஆன்டெனா வந்தால் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்கும், ஆனால் அதற்கு விலையாக இர்மா தன் வாயாலேயே பிங்ஹம்தான் முதலில் பேசினார் என்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் யோசித்தாள். பாட்டாவது தெளிவாகக் கேட்கட்டும் என்று கடைசியில் சம்மதித்தாள்.

சனிக்கிழமை பிங்ஹம் வந்தார். ஒட்டகத் தோல் நிறத்தில் கோட்டு, பல் முழுக்க வெள்ளை. நிறுவனர் நாற்காலிக்கு ஐம்பது வருடம் கழித்து வந்து துண்டு போட்ட மனிதர், அறைக்குள் நுழைந்ததும் சுற்றிலும் பார்த்து, "அடடா, அப்படியே இருக்கு," என்றார். நிலையம் சலவை அறையிலிருந்து அறிவியல் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மாறி முப்பது வருடம் ஆகிறது. அந்த விளக்கையும் கம்பியையும் மட்டும்தான் அப்படியே கழற்றிக்கொண்டு வந்து மாட்டியிருந்தார்கள். இர்மா டெஸ்ஸாவைப் பார்த்தாள். டெஸ்ஸா அவசரமாக அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

இர்மா வரலாற்றைப் படித்தாள். ஒரு வார்த்தை விடாமல், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், சமையலறையில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியலை வாசிக்கிற மாதிரி. லோவெல் பிங்ஹம் நிறுவினார். லோவெல் பிங்ஹம் முதல் சொல்லைச் சொன்னார். துண்டு அழுக்கைத் துடைக்கிறது. படித்து முடித்து மைக்கை மூடிவிட்டு ஒரு பாட்டைப் போட்டாள். விளக்கு எரிந்தது.

"பாட்டு முடிஞ்சதும் சாரோட பேட்டி," என்றாள் டெஸ்ஸா. பிங்ஹம் தலையாட்டினார். விளக்கை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. இர்மா மைக்கைத் திறந்தாள், விளக்கு அணைந்தது. அறிவிப்புக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் பிங்ஹம் நாற்காலியில் சாய்ந்து, கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு டெஸ்ஸாவின் பக்கம் திரும்பினார்.

"அப்பாடா. முடிஞ்சுதா? இந்த அக்கார்டியன் இழவ எவன் உக்காந்து கேக்குறான்?"

டெஸ்ஸா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிங்ஹம் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்.

"பயப்படாத பொண்ணே, லைவ்ல இப்படியா பேசுவேன்? கிழவிங்க அழற மாதிரி நல்லா அவுத்து விடறேன் பாரு. ஒண்ணு மட்டும் சொல்லு. முதல்ல பேசினது எந்தத் தேதி? நான் அந்த வாரம் ஃபுளோரிடாவுல இருந்தேன். வந்தப்புறம் ரேடியோ கிளப்புல பேர் மட்டும் குடுத்தேன். அத நினைப்பு வச்சுச் சொல்றதுக்கு இப்ப எவன் உசுரோட இருக்கான்?"

இர்மாவின் விரல் மைக் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஆன்டெனா பிழைக்கும். முதல் நாள் நிலையத்தில் இருந்தவனுக்கு அந்த விளக்கைப் பற்றித் தெரியாமல் போகுமா என்று அவளுக்குள் ஒன்று கேட்டது. மனிதன் தானாக உளறுகிறான், நான் ஏன் தடுக்க வேண்டும் என்று இன்னொன்று கேட்டது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன்," என்றாள். "நல்லாவே ஞாபகம் இருக்கு. முதல்ல பேசினது நான். பேசினத இங்க திருப்பிச் சொல்ல முடியாது, ஆனா அது என் துண்ட பத்தினது. முடி வெட்டுற கடைக்காரர் ஒருத்தர் மறுநாள் பன்னெண்டு துண்டு கொண்டாந்து வச்சாரு. நீங்க வீட்டுல வச்சுத் தட்டு துடைக்கிறீங்களே, அது அங்கேருந்து வந்தது. மிஸ்டர் பிங்ஹம், விளக்கு அணைஞ்சா மைக் திறந்திருக்குன்னு அர்த்தம். இங்க முதல் நாள் வந்தவங்களுக்கே அது தெரியும்."

பிங்ஹம் விளக்கைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், எழுந்தார். கோட்டு நாற்காலிக் கையில் மாட்டிக்கொண்டது, அதை உருவி எடுத்துக்கொண்டு போனார். கதவு அறைந்த சத்தமும் ஒலிபரப்பானது.

இர்மா ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மைக்கை மூடினாள். நிலையத்தின் ஆறு தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன. டெஸ்ஸா ஒவ்வொன்றாக எடுத்தாள். அக்கார்டியனை இழவு என்றவன் வீட்டு முகவரி என்ன என்று கேட்டார் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். கிழவி என்றது யாரை என்று கேட்டாள் ஒரு கிழவி.

"ஆன்டெனா போச்சு," என்றாள் டெஸ்ஸா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "என்னைய வேலையை விட்டே தூக்கப் போறாங்க."

"சம்பளமா குடுக்குறாங்க, தூக்குறதுக்கு?" என்றாள் இர்மா. ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக உடம்பு லேசாக இருந்தது. சொல்லியாகிவிட்டது, ரேடியோவிலேயே, ஊரே கேட்க.

ஆறாவது தொலைபேசியை அவளே எடுத்தாள்.

"ஏன்டி, என்ன நடக்குது அங்க?" என்றாள் ஃபிரானி. "யாரோ ஒரு ஆம்பள நிறுவினாரு நிறுவினாருன்னு நீ படிச்சது பாதி காதுல விழுந்துச்சு. அப்புறம் ஒரே கரகரப்பு. ஒரு எழவும் புரியல. கடைசியில கதவு சாத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு."

இர்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமே கேக்கலையா?"

"அதான் சொல்றேனே."

"ஃபிரானி, அந்தாளு பொய் சொன்னான். அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். முதல்ல பேசினது நான்தான்னு இப்பத்தான் ரேடியோவுல சொன்னேன்."



"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் ஃபிரானி. "அறுபத்தெட்டு வயசாச்சுடி உனக்கு." வைத்துவிட்டாள்.

பாட்டு முடியப்போகிறது என்று டெஸ்ஸா விரலைக் காட்டினாள். நிகழ்ச்சி நடத்துகிற இந்த முப்பத்தோரு வருடத்தில் இர்மா நேயர்களிடம் நன்கொடை கேட்டதே இல்லை. கேட்கிற வாரங்களில் தலைவலி என்று சொல்லிவிடுவாள், கையேந்துவது அவள் வழக்கமில்லை. இப்போது மைக்கை முன்னால் இழுத்தாள்.

"நான் இர்மா கோலார். எனக்கு ஒரு ஆன்டெனா வேணும்," என்றாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க அக்கா இருக்கா. அவ காதுல ஒரே ஒரு வாக்கியம் போய் விழணும். சீக்கிரமா விழணும், எங்க ரெண்டு பேருக்கும் வயசாச்சு. குடுங்க."