மூன்று விரலில் கவிழ்ந்த அயர்லாந்து

ஏலப்பாறையில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி, மூன்றே விரலால் அயர்லாந்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததையும் திரும்ப நிமிர்த்தி வைத்ததையும் கண்ணால் பார்த்தவன் நான். நிமிர்த்தியது என் விரல்தான். டீக்கடையில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஏசுரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

"சும்மா பறையாதேயும் வே" என்றார்.

இத்தனைக்கும் அவர் மகள் டின்சிக்குத்தான் அன்று இன்டர்வியூ, அயர்லாந்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. முன்பே இரண்டு இடத்தில் அவளுக்கு வேலை தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. அதனால் என் வீட்டுக் கம்ப்யூட்டர். எஸ்டேட் ஆபீஸ் கழித்துப்போட்டதை ரிட்டயர் ஆனபோது கேட்டு வாங்கி வந்தேன். அதன் பட்டன் ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. டெலீட்டை நான் ஓங்கி அடித்தால் பழைய மேனேஜரே காணாமல் போவார்!

டின்சி உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கேமராவில் விழக்கூடாதென்று ஏசுரத்தினம் மானிட்டருக்குப் பின்னால் நின்று கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். டின்சியின் அம்மா மதலேனம்மாள் மேசையோரத்தில். இருநூறு வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை சும்மா இருக்குமா? சேலை நூலைக் கிள்ளினாள், மேசைவிரிப்பைக் கிள்ளினாள். இன்டர்வியூ எடுக்கும் அயர்லாந்து மேடம் திரையில் தோன்றிய நேரம் பார்த்து, கீபோர்டின் வலது பக்கம் ஒரு பிஸ்கட் துணுக்கைக் கண்டுவிட்டாள். இரண்டு இலை, ஒரு மொட்டு கிள்ளுகிற வாக்கிலேயே மூன்று விரலும் இறங்கின.

மேடம் தலைகீழானார்.

"ஐயோ, கவுந்துட்டாகளே!" மதலேனம்மாள் அலறினாள். நான் எஸ்கேப்பை அடித்தேன். அசையவில்லை. எஃப்-ஒன் அடித்தேன். உதவி வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்தது, அதுவும் தலைகீழாக.

"கவுந்தா நிமுத்த வேண்டியதுதான!" என்றார் ஏசுரத்தினம். ஃபாக்டரி மெக்கானிக் புத்தி. பின்னாலிருந்தே மானிட்டரைத் தூக்கிப் புரட்டிப் பிடித்துக்கொண்டார். மேடம் நேரானார். ஆனால் கேமரா மானிட்டரின் உச்சியில் அல்லவா மாட்டியிருக்கிறது? இப்போது அயர்லாந்தில் டின்சி வௌவாலாகத் தொங்கினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

டின்சி ஒரே ஒருமுறை மன்னிப்புக் கேட்டாள். பிறகு, மூச்சுத் திணறும் நோயாளிக்கு முதலில் என்ன செய்வேன் என்பதை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"எங்க கிள்ளுனம்மா?" மதலேனம்மாளிடம் கிசுகிசுத்தேன்.

"நான் ஒண்ணும் அமுக்கலண்ணே. இந்தா, இங்கிட்டு பிஸ்கட்டைத்தான் எடுத்தேன்."

அவள் காட்டிய இடத்தில் ஆல்ட், கன்ட்ரோல், கீழ் அம்பு! சேர்த்து அமுக்கினால் திரையையே கவிழ்க்கும் மூன்று பட்டன். அப்படியானால் மாற்று மருந்து மேல் அம்புதானே? மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். படம் புரண்டது. "வே, மானிட்டரை நேரா வையும்!" என்றேன். வைத்தார். அயர்லாந்து நிமிர்ந்தது.

ஆனால் பின்னால் நின்ற மனிதருக்குக் கடைசிவரை வயர் மட்டும்தான் தெரிந்தது. "நீங்க கத்துனீக, நான் தூக்குனேன். மேடம் கவுந்தாளாம், எம்மவ தொங்குனாளாம்! யாருகிட்ட விடுதீரு?" என்று தினமும் டீக்கடையில் என் மானத்தை வாங்கினார். சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், டீ ஆறிப்போகும்.

அப்படி ஆறிக்கொண்டிருந்த ஒரு காலையில் டின்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா, வேலை கிடைச்சிட்டு!"

"மேடம் என்னட்டி சொன்னா?"

"தலைகீழாத் தொங்கும்போதும் நோயாளிய விடாம பதில் சொன்ன பொண்ணு நீதான்னாங்கப்பா."

ஏசுரத்தினம் கிளாசைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"நடந்துதான் இருக்கு வே" என்றார்.