இடதுக்கு இடது, வலதுக்கு வலது

காரின் பானெட்டுக்குள்ளிருந்து பட்டென்று ஒரு சத்தம் வந்தது. கரண்ட் மாமா ஸ்பேனரை உதறிவிட்டுப் பின்வாங்கினார். நீலமாகப் பளிச்சிட்ட பொறி கண்ணுக்குள்ளேயே நின்றது. பிளாஸ்டிக் கருகிய வாடை. குனிந்து பார்த்தார். புதுப் பேட்டரியில் கூட்டல் குறி போட்டிருந்த முனையில், கழித்தல் முனைக்குப் போக வேண்டிய கறுப்புக் கம்பி மாட்டியிருந்தது.

வீடுகளுக்கு வயரிங் செய்தே ஆயுளைக் கழித்தவர். பழைய சுவிட்சைக் கழற்றினால் கம்பிகள் எந்தப் பக்கம் இருந்தனவோ, புதியதிலும் அந்தப் பக்கமே போக வேண்டும். இடதுக்கு இடது, வலதுக்கு வலது. அந்தப் பழக்கம் அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. மருமகன் வாங்கி வைத்திருந்த பேட்டரியில் முனைகள் இடம் மாறியிருப்பது கைக்குத் தெரியவில்லை. கண்ணாவது பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்கு அவசரம். மாப்பிள்ளை குளித்துவிட்டு வருவதற்குள் மாட்டி முடித்து, மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் தான் இல்லை என்று காட்டிவிடும் அவசரம்.

பேட்டரியைத் திருப்பி வைத்துக் கம்பிகளைச் சரியாக மாட்டினார். சாவியைத் திருகினார். விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. "கடவுளே" என்றார், அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. பானெட்டை மெல்ல மூடிவிட்டு உள்ளே போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் வாசலிலிருந்து மருமகனின் குரல் கேட்டது. "பேட்டரிய யாரு மாட்டினது? வண்டி பொணமா கெடக்கு!"

"நான்தாங்க" என்றாள் மகள், அடுப்படியிலிருந்து.

அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரேதான் கார் நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீயா? வீட்டுல கரண்ட் மாமாவ வெச்சுக்கிட்டு நீ எதுக்குக் கை வெச்ச?"

"சும்மா... கத்துக்கலாம்னு."

"நல்லா கத்துக்கிட்ட! இனிமே சாவியத் தொடாத. சாயங்காலம் ஓட்டிப் பழகறதும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மாலையில் பக்கத்து மைதானத்தில் அவள் ஓட்டப் பழகிவந்தாள். அண்மையில் ஒருநாள் வியர்த்த முகத்தோடு ஓடிவந்து, "அப்பா, ரிவர்ஸ் எடுத்துட்டேன்!" என்று பள்ளிப் பிள்ளைபோலச் சிரித்தாள். இப்போது அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தாள்.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் திறக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வாயை மூடிக்கொண்டும் சொல்லலாம் போலிருக்கிறது.

"மாமா, கொஞ்சம் வந்து பாருங்களேன். உங்க பொண்ணு பண்ணின கூத்த நீங்கதான் சரி பண்ணணும்."

பழுது எங்கே என்று தெரிந்தும் தேடுகிறவர்போலத் தேடினார். மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப் பேட்டரி முனையில் எரிந்தது. பெரிய ஃப்யூஸின் ஒரு பக்கத்தில் வைத்தபோதும் எரிந்தது. மறு பக்கத்தில் எரியவில்லை. மூடியைத் திறந்தார். உள்ளே தகடு உருகி அறுந்திருந்தது.

"மெயின் ஃப்யூஸ், மாப்ள. மாத்தி மாட்டினா இது தன்னைக் குடுத்துட்டு மத்ததக் காப்பாத்தும்."

சொன்ன பிறகு அடுப்படி ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

மருமகன் தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய்ப் புது ஃப்யூஸ் வாங்கி வந்தான். கரண்ட் மாமா அதை மாட்ட, மருமகன் உள்ளே உட்கார்ந்து முடுக்கியதும் வண்டி உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. "பாத்தியா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினான். "எங்க மாமா கை பட்டா செத்ததும் எந்திரிச்சு ஒக்காரும். தெரிஞ்சவங்க தொடணும்னு இதுக்குத்தான் சொல்றது!"

ஒவ்வொரு புகழ்ச்சியும் தன் தலைமேல் பூவாக விழுந்து மகள் தலைமேல் கல்லாக விழுவதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால், பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு அணையவில்லை. கரண்ட் மாமா பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது ஏற வேண்டிய எண் ஏறவில்லை. ஜன்னலருகே வந்து, "ஆல்டர்னேட்டரும் அடி வாங்கியிருக்கு. சார்ஜ் ஏறாது. ரோட்டுல போனா நடுவழியில நின்னுடும்" என்றார்.

மருமகன் இந்தத் தடவை கத்தவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்து, "எல்லாம் இவளால" என்றான். அந்தக் களைத்த குரலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"மாட்டினது நான், மாப்ள."

எஞ்சின் இரைச்சலில் அது கரைந்துபோயிற்று. "என்ன மாமா?" என்றபடி மருமகன் எஞ்சினை அணைத்தான். தெருவே நிசப்தமானதுபோல் இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவும் அந்த ஒரு கணம் போதும். அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பேட்டரிய மாட்டினது நான்தான். அவ இல்ல. குறியப் பாக்காம மாட்டிட்டு, பயந்துபோய் உள்ள வந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். அவ எனக்காகச் சொன்னா. சாவிய அவகிட்டேர்ந்து வாங்கிடாதீங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

மருமகன் அவரைப் பார்க்கவில்லை. பாதி திருப்பிய சாவியின் மேலேயே கை இருந்தது. பிறகு உடம்பைச் சாய்த்து, பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டான். கரண்ட் மாமா சுற்றி வந்து, கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்தார். எஞ்சின் நின்ற பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

இரண்டு டம்ளர் டீயோடு வெளியே வந்த மகள், எந்தக் கதவுக்குப் போவதென்று தெரியாமல் காருக்கு முன்னால் நின்றாள். ஆவி அவள் முகத்தை மறைத்து மறைத்து விலகியது.