பலகையில் இரண்டெழுத்து

“பலகையில இருக்கிற கள்ளை எடுத்துடச் சொல்றார்டா அப்பா,” என்று அண்ணன் போனில் சொன்னபோது, “அவர் எப்ப கள்ளுக்கடை வெச்சார்?” என்று இவன் சிரித்துவிட்டான். அண்ணன் சிரிக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. ‘தந்தை மகன்கள் கட்டில் கடை’. மகனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டெழுத்து இவன்தான்.

கட்டில் செய்ய மாட்டேன், பெயர்ப்பலகை எழுத்துதான் செய்வேன் என்று இவன் தனிப் பட்டறை போட்டு எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் வேறு பலகைக்காரர்கள் இல்லாமலா போனார்கள்? தன்னைக் கூப்பிட்டிருக்கிறார், நேரில் போய் நின்றால் வேண்டாம் விடு என்று சொல்லிவிடுவார் என நம்பித்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். மானங்கெட்ட நம்பிக்கைதான். என்ன செய்ய, மகனாகப் பிறந்தாயிற்று.

அப்பா சொல்லவில்லை. உள்ளே இழைப்புளி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. க-வையும் ள்-ஐயும் கழற்றியதும் பலகை பல் விழுந்த வாயாக இளித்தது. அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன ஏதென்று கேட்டிருப்பார்கள். ஆத்திரம் அதைத்தான் செய்யச் சொன்னது, கை கேட்கவில்லை. அத்தனை பித்தளை எழுத்துகளையும் இறக்கினான். பழைய துளைகளை மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, பச்சை பூசிக் காயவிட்டான்.

மூன்றாம் நாள் கடை வாசலில் காகிதம் விரித்து எழுத்துகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா டேப்போடு வந்து குந்தினார். கட்டில் கால்களை மயிரிழை பிசகாமல் அளக்கிற மனிதர்.

“இங்க ஒன்றரை இஞ்ச். இங்க ஒண்ணுதான் இருக்கு. சமமா இல்லையே.”

எட்டு மாதத்தில் முதல் பேச்சு.

“டேப்புக்குச் சமமா வெச்சா கண்ணுக்குப் பிரிஞ்சு தெரியும்ப்பா. ட-வுக்கு வலப்பக்கம் மேல வெறுமையா இருக்குல்ல, அடுத்த எழுத்து கொஞ்சம் நெருங்கி உட்காரணும்.”

அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

‘தந்தை மகன் கட்டில் கடை’ பலகைக்கு நடுவாக, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தது போல ஏறி உட்கார்ந்தது. “ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாதுடா,” என்றான் அண்ணன். பாராட்டாகத்தான் சொன்னான். இவன் பலகையையே பார்த்தான். தன்னை இவ்வளவு சுத்தமாகத் துடைத்தெடுக்கத் தன் கைக்கே தெரிந்திருக்கிறது.

அப்பா வெளியே வந்தார். தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று படித்தார். திரும்பி வந்து இன்னொரு முறை படித்தார்.

“எங்க இருந்துச்சு?”

“எது?”

“அதான்... அது.”

இவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஏணியில் ஏறிவிட்டார். வயசுக்கு ஆகாத வேலை, படிகள் கிரீச்சிட்டன. ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான். மேலே, காய்ந்த பச்சை மேல், ன்-னுக்கும் க-வுக்கும் நடுவே, மரத்தில் பழகிய அந்த விரல்கள் ஒரு துளையாவது தட்டுப்படாதா என்று தடவிக்கொண்டே இருந்தன.

“இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்ப்பா,” என்றான்.