பாபிலோன் விழும்வரை பாட்டில்லை

பாபிலோன் விழுந்த அன்று காலை நான் வெங்காயம் வாங்கப் போயிருந்தேன். கடைகள் எல்லாம் திறந்திருந்தன. தெருமுனையில் நேற்றுவரை நின்ற காவலாளிக்குப் பதில் வேறு மாதிரித் தொப்பி போட்ட ஒருவன் நின்றான், அவ்வளவுதான் வித்தியாசம். பேரீச்சைக் கள் விற்கும் நுப்தாதான் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா? பாரசீகக்காரன் உள்ள வந்துட்டான். ராஜாவ மாத்தியாச்சு."

"சண்டை?"

"சண்டையாவது ஒண்ணாவது. கதவத் திறந்து விட்டுட்டானுங்களாம். எனக்கு இன்னிக்கு ரெண்டு மடங்கு வியாபாரம்."

வெங்காயத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இந்த ஒரு சேதிக்காகத்தான் என் சின்ன மகள் மில்காள் கல்யாணமாகாமல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் என் வீட்டுக்காரர் அகீக்காம் செய்த வேலை. எருசலேமிலிருந்து எங்கள் தாத்தாக்கள் சிறைப்பட்டு வந்தபோது கூடவே வந்த ஒரு சுருள் எங்களிடம் இருக்கிறது. பாபிலோன் விழும், அதன் மதில் மண்ணாகும், அரண்மனையில் நரி குட்டி போடும் என்று ஒரு தீர்க்கதரிசி சொன்னது. ஓய்வுநாள்தோறும் எங்கள் முற்றத்தில் இவர் அதை வாசிப்பார். இருபது ஆண்கள் தொண்டை கிழிய ஆமென் சொல்வார்கள். மறுநாள் அதே இருபது பேரும் இதே பாபிலோனில் புதிதாக வாங்கிய பேரீச்சந் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவார்கள். ஆமென் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இவர் மட்டும் ஒரு படி மேலே போனார். எங்கள் வழக்கத்தில் பெண்ணைத் தாய் பாடித்தான் அனுப்ப வேண்டும். பாடாமல் அனுப்பினால் அது கல்யாணமில்லை, ஓடிப்போனது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூத்தவளை நான் பாடி அனுப்பியபோது, இந்த ஊர் வாய்க்கால் அதிகாரி ஒருத்தன் கள் மயக்கத்தில் வந்து நின்று, "நல்லா இருக்கே, இன்னொரு தடவை பாடு" என்று கைதட்டினான். கூத்தாடிகளிடம் கேட்பதுபோல் கேட்டான். எனக்கும் வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவர் கையைத் தூக்கிக் கர்த்தர் மேல் ஆணையிட்டுவிட்டார். சுருளில் சொன்னபடி இந்த நகரம் விழும்வரை இவர் குடும்பத்தில் கல்யாணப் பாட்டு கிடையாதாம். அப்போது மில்காளுக்குப் பன்னிரண்டு வயது. கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் என்ன ஆகும் என்று எங்களில் குழந்தைக்கும் தெரியும்.

நெரியா என்று நல்ல பையன், பாய் முடைகிறவன். ஆறு வருஷமாகக் காத்திருக்கிறான். அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் விழலியா?" என்று கேட்பாள். என்னமோ நான்தான் முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருப்பதுபோல்.

சேதியைக் கேட்டதும் இவர் தடியை எடுத்துக்கொண்டு மதிலைப் பார்க்கப் போனார். சாயங்காலம்தான் திரும்பி வந்தார்.

"நிக்குது," என்றார். "சுத்தி வந்து பாத்துட்டேன். ஒரு செங்கல்கூட அசையல."

"ராஜாவே போயிட்டாருங்க. அது விழுந்த மாதிரிதானே?"

"விழுந்தது வேற, விழுந்த மாதிரி வேற. கர்த்தர்கிட்டப் போய் 'மாதிரி'ன்னு சொல்லச் சொல்றியா?"

"அப்ப நரி?"

"அரண்மனைப் பக்கம் நாய்தான் இருக்கு," என்றார், ரொம்ப வருத்தத்தோடு.

பெரியவர்களைக் கூட்டி மூன்று ஓய்வுநாள் பேசினார்கள். ராஜா விழுந்தால் நகரம் விழுந்த கணக்குத்தான் என்றார் ஒருவர். அப்படியானால் மதில் ஏன் நிற்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில், பொறுத்துப் பார்க்கலாம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அத்தனை பேரும் தங்கள் பெண்களை எப்போதோ கட்டிக் கொடுத்தவர்கள். பொறுக்க மாட்டார்களா?

குளிர்காலம் முடிந்ததும் புது ராஜாவின் ஆணை வந்தது. விருப்பமுள்ளவர்கள் எருசலேமுக்குத் திரும்பலாம். தோப்பு வைத்திருந்த இருபது பேருக்கும் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது. நெரியா வீட்டில் மட்டும் பெயர் கொடுத்தார்கள்.

"நாமளும் போலாம்பா," என்றாள் மில்காள்.

இவர் திகைத்துப்போனார். "நாம போயிட்டா, இது விழுறத யாரு இருந்து பாக்கிறது?"

அன்றுதான் எனக்கு விளங்கியது. பதினோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, மதிலைக் கட்டின கொத்தனுக்குக்கூடத் தெரியாத விரிசல்கள் இவருக்குத் தெரியும். இவர் இந்த ஊரை விட்டு நகரப்போவதில்லை.

மில்காள் அழவில்லை. "சரிப்பா. நீங்க இருந்து பாத்துக்குங்க. நான் போறேன். பாட்டில்லாமலே போறேன்," என்றாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அவளோடு போகத்தான் ஆசை. மூத்தவளும் பேரப்பிள்ளைகளும் இங்கே. இந்த மனிதருக்கு ஒரு ரொட்டி சுடக்கூடத் தெரியாது. நான் எங்கே போக?

புறப்படும் நாள் காலையில் வடக்கு வாசலில் கழுதைகள் வரிசையாக நின்றன. இவரும் வந்திருந்தார், மதிலைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு. மில்காள் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். அநாதைப் பெண் போவதுபோல் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆணையிட்டது நீங்க," என்று இவரிடம் சொன்னேன். "தொண்டை என்னுது."

முதல் அடியைப் பாடினேன். குரல் கரகரவென்று வந்தது. மில்காள் சட்டென்று நின்றாள். நெரியாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது அடிக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பதினோரு வருஷமாயிற்றே. எங்கே தேடியும் வார்த்தை கிடைக்கவில்லை. முன்னால் கழுதைகள் நகரத் தொடங்கிவிட்டன. மகள் திரும்பி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இவர் மதிலை அண்ணாந்து பார்த்தார். அதில் பதித்திருந்த நீல ஓட்டுச் சிங்கங்கள் ஒன்றுகூட உதிராமல் வெயிலில் பளபளவென்று நின்றன. இவர் மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, கண்ணை அதிலிருந்து எடுக்காமலே, இரண்டாவது அடியை மெதுவாகச் சொன்னார். மூன்றாவதையும் சொன்னார். நான் வாங்கிப் பாடினேன்.