பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் போட்ட புகை

நான் கழட்டி வச்ச ஸ்க்ரீனையெல்லாம் அம்மா திரும்ப மாட்டிக்கிட்டு இருந்துச்சு. ஸ்டூல்ல ஏறி நின்னு, வாயில ஒரு கொக்கியக் கவ்விக்கிட்டு. மெரூன் கலரு, வெல்வெட்டு, தொட்டாலே தூசி பறக்கும். ஒரு மாசமா நான் இந்த வீட்டோட மல்லுக்கட்டிருக்கேன். எங்க அக்கா அஸ்வினிக்கு ஆஸ்துமா. மருந்து மட்டும் பத்தாது, வீட்டையும் பாருங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பாத்தேன். பழைய பஞ்சுத் தலகாணியக் கடாசுனேன். பெட்ஷீட்ட வாராவாரம் சுடுதண்ணில ஊறப்போட்டேன். கொசுவத்திய நிப்பாட்டி வலை கட்டுனேன். சாமிக்கு வெளக்கு மட்டும் போதும், ஊதுபத்தி வேணாம்னு அம்மா கால்ல விழாத கொறைதான். அக்கா அந்த மாசம் பூரா படுத்துத் தூங்குச்சு. செவுத்துல சாஞ்சு உக்காந்து இழுத்துக்கிட்டு கெடக்கல. அம்புட்டும் அன்னைக்கு ஒத்தக் காலைல போச்சு. ஏன்னா உசிலம்பட்டிலருந்து பொண்ணு பாக்க வாராங்க.

"யம்மா, அத எறக்கு."

"வெறுங்கம்பியா இருந்தா கஞ்சிக்கில்லாத வீடும்பாகடா."

"அக்காவுக்கு இழுக்கும்மா."

"வாயக் கழுவு. நல்ல நாள்ல இழுக்குது பறிக்குதுன்னுகிட்டு."

எங்க வீட்ல ஆஸ்துமாங்கிற வார்த்தைய யாரும் சொல்லக் கூடாது. கேட்டா 'லேசா சளி'. மருந்த எங்க தெரு மெடிக்கல்ல வாங்கக் கூடாது, பசுமலைல இருந்து பஸ் ஏறி பழங்காநத்தம் போயி வாங்கியாரணும். எங்கப்பாவுக்கு சுகரு. ஊருக்கே தெரியும். விசேஷ வீட்ல பாயாசத்துக்கு மேல கையக் குறுக்க நீட்டி, "நமக்குச் சுகரு"ன்னு பட்டம் வாங்குன மாதிரி சொல்லுவாரு. அவருக்கு இருந்தா பெருமை. எம்.எஸ்சி. படிச்சு, ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்குற பொம்பளப்புள்ள மூச்சு மட்டும் ரகசியம். அவ இன்ஹேலரக் கூட அன்னைக்கு பீரோவுல வச்சுப் பூட்டி, சாவிய அம்மா இடுப்புல சொருகிருச்சு. ஒரு வாரம் தேச்சாலும் போகாத மாதிரி ரூம் ஸ்ப்ரே வேற. அதும் பத்தாதுன்னு, அவங்க காரு தெருமுக்குல திரும்புனதும் அம்மா சாம்பிராணியப் போட்டுச்சு பாருங்க, எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்.

"யப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"விடுறா சூர்யா, ஒரு அரமணி நேரந்தான?"

அந்த அரமணி நேரம் நீங்க மூச்சு விடாம இருந்து பாருங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வாசல்ல செருப்புக் கழட்டுற சத்தம் கேட்டதால முழுங்கிட்டேன்.

மாப்ள பேரு ராஜபாண்டி. அவங்கம்மா, அவங்கப்பா, மூணே பேரு. அக்கா காப்பித் தட்டோட வந்துச்சு. டம்ளரு சத்தத்துக்கு நடுவுல விசில் மாதிரி அந்தச் சின்ன இழுப்பு எனக்கு மட்டும் கேட்டுச்சு. தோளு ரெண்டும் ஏறி ஏறி எறங்குது.

"எந்த ஸ்கூல்லத்தா வேல பாக்குற?"ன்னு கேட்டாங்க அவங்கம்மா.

"இங்க... பக்கத்துல..." அதுக்கு மேல வரல.

"லேசா சளி. மழத்தண்ணி சேரல"ன்னு அம்மா முந்திக்கிச்சு. பங்குனி மாசம்! வெளிய தார் ரோடு உருகுது!

அக்கா அம்மாவப் பாத்து கைய நீட்டுச்சு. "சாவி."

அம்மா மொதல்ல அக்காவப் பாக்கல. வந்தவங்களப் பாத்துச்சு. அதத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் தாங்க முடியல. நான் போயி சாவிய இடுப்புலருந்து உருவுனேன். பீரோவத் தெறந்து இன்ஹேலர எடுத்தாந்து குடுத்தேன். அக்கா அந்த நடு ஹால்ல, தலநெறைய பூவோட, அதக் குலுக்கி, மூச்ச வெளிய விட்டு, ஒரு அமுக்கு அமுக்கி உள்ள இழுத்து அடக்குச்சு. நான் சாம்பிராணிக் கரண்டியத் தூக்கி வாசல்ல வச்சிட்டு, ஜன்னல் எல்லாத்தையும் படார் படார்னு தெறந்து விட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சு நெஞ்சு எறங்கவும் அக்காவே சொல்லுச்சு.

"எனக்கு ஆஸ்துமாங்க. மருந்து எடுக்குறேன். புகை இல்லாத வீடா இருந்தா நான் நல்லாத்தான் இருப்பேன்."

அவங்கப்பா ஃபேனப் பாத்தாரு. அவங்கம்மா பாதிக் காப்பியக் கீழ வச்சு, "கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்"னு எந்திரிச்சாங்க. ராஜபாண்டி எதுவோ கேக்க வாயெடுத்தாரு. அவங்கம்மா பாத்த பார்வைல கார் சாவிய எடுத்துக்கிட்டாரு.

அம்மா என்னயத் திட்ட வாயத் தெறக்குறதுக்குள்ள வெளிய காரு ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. எங்க சந்துல உள்ள வந்த வண்டி திரும்பாது, ரிவர்ஸ்லதான் போகணும். ஒரு பக்கம் மூடி இல்லாத சாக்கடை, இன்னொரு பக்கம் தண்ணித் தொட்டி. ராஜபாண்டி முன்னப் போறாரு, பின்ன வாராரு, டயரு விளிம்புல நிக்குது. அப்பா கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. அக்கா பட்டுச்சேலக் கொசுவத்தத் தூக்கிச் சொருகிட்டு வெறுங்காலோட எறங்கிருச்சு. காருக்குப் பின்னாடி போயி டிக்கியத் தட்டுச்சு.

"வாங்க, வாங்க. லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. பயப்படாம வாங்க!" சந்து பூரா கேக்குது. மாடியிலயெல்லாம் தல முளைக்குது. அடுப்பு மாதிரி அடிக்கிற காத்துல, நிப்பாட்டாம, ஒரே மூச்சுல. "அப்டியே வாங்க... வாங்க... போதும், நிப்பாட்டுங்கண்ணே!"

அம்மா தலையில கை வச்சுக்கிட்டு வாசப்படில உக்காந்துருச்சு. பொண்ணு பாக்க வந்த ஆள போயி அண்ணேன்னு.

காரு நின்னுச்சு. பின்னாடி ரெண்டு செவப்பு லைட்டும் அணையாம எரியுது. அக்கா டிக்கி மேல இருந்த கைய எடுக்கல. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் மெல்ல கீழ எறங்குது.