ஈறும் சர்க்கரையும்

வீரவேணிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கவேயில்லை. ஆத்ரேயபுரத்தில், காகிதம்போல் மெல்லிய மாவுத்தாளில் மடிக்கிற பூதரேக்கு இனிப்பு செய்து விற்கிற வீட்டில் அது நோயாகத் தெரியவில்லை, திருட்டாகத் தெரிந்தது. சோதனைத் தாளைப் பார்த்த அவள் புருஷன் சத்திபாபு, வேலைக்கு வந்த பெண்களின் எதிரிலேயே கேட்டான்.

"தின்னுட்டுத் தின்னுட்டு மாத்திரை போட்டா எப்படிடி இறங்கும்?"

கையோடு, வெல்லத்தூளும் நெய்யும் வைத்து மடிக்கிற அறையிலிருந்து அவளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பினான். கவிழ்த்த பானையின் சூட்டில், மாவு நனைத்த துணியை இழுத்து, காகிதம்போல் ஒட்டியதை உரித்தெடுத்தாள் வீரவேணி. கல்யாணமான நாளிலிருந்து இந்த இனிப்புக்கு நடுவே இருப்பவளுக்கு அதன் வாசனையே குமட்டும். தான் தின்னவில்லை என்பதைப்போல வேறெதுவும் அவளுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. அப்படியென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அது வாய்க்குள்ளேயே இருக்குமென்று அவள் நினைக்கவில்லை. பல் துலக்கினால் ரத்தம் வருவதை வயசு என்று விட்டிருந்தாள். கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியதும்தான் ராஜமுந்திரிக்கு பஸ் ஏறினாள். பல் டாக்டர் ஹிமபிந்து சின்னப் பெண். ஈறை அழுத்திப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இருக்காம்மா?" என்றாள்.

"இருக்கு. இறங்க மாட்டேங்குது. நான் திருடித் தின்னுறேன்னு வீட்டுக்காரர் சொல்றார்."

"ஈறெல்லாம் சீழ் பிடிச்சிருக்கு. இப்படிப் புண்ணு ஆறாமக் கிடந்தா சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினா ஈறு இன்னும் கெடும்."

"அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டு வரேன். இதை அப்படியே சொல்லுங்க."

கூட்டி வந்தாள். சத்திபாபு நம்பவில்லை. "பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பல்லு என்ன பக்கத்து வீட்டுலயா இருக்கு? அதே ரத்தம்தானே ஓடுது," என்றாள் டாக்டர். "இதோட எல்லாம் சரியாயிடும்னு சொல்லல. மாத்திரை, பத்தியம் எல்லாம் வேணும். ஆனா இந்தச் சீழை வச்சுக்கிட்டு சர்க்கரையை இறக்குறது கஷ்டம்."

ஈறின் அடிவரை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். வலித்தது. வீரவேணி ஒரு முறைகூட நாள் தவறாமல் போனாள். மூன்று மாதம் கழித்து வந்த சோதனைத் தாளில் சர்க்கரை இறங்கியிருந்தது. முழுக்க இல்லை, ஆனால் இறங்கியிருந்தது. சத்திபாபு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஷின் சரியாத்தான் இருக்கா?" என்று பரிசோதனைக்காரரிடம் கேட்டான்.

"மிஷினையும் பல்லு விளக்கச் சொல்லுங்க," என்றாள் வீரவேணி. அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பஸ் நிலையத்தில் அவள் ஒரு கொய்யாப்பழம் வாங்கினாள். தள்ளுவண்டிக்காரன் நறுக்கித் தரக் கத்தியை எடுத்தான். வேண்டாமென்று தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற சத்திபாபு தொண்டையைச் செருமினான்.

"நாளைக்குக் கல்யாண ஆர்டர் இருக்கு. உள்ளே நீயே உக்காந்து மடிச்சிடு."

அவள் பழத்தை அப்படியே கடித்தாள். வாய் நிறைய இருந்தது. கையிலிருந்த கொய்யாவின் வெள்ளைச் சதையில், ஒரு சிவப்புக் கீற்றும் இல்லாமல், பல் பதிந்த வரிசை ஈரமாய் மின்னியது.